மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய உடையும் வாழ்வும்: வளைகுடா நாடுகள்

மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பகம் முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றப்பட்ட பின், உடலின் எடைச் சமநிலையிலும் தோளின் அசைவிலும் வெளித்தோற்றத்திலும் உண்டாகும் மாறுதல்களுக்கு ஏற்ப உடையையும் அன்றாடப் பழக்கங்களையும் திருத்தி அமைத்துக்கொள்வது மறுவாழ்வுச் சிகிச்சையின் ஒரு கூறாகும். ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் இதற்குத் தனித்தன்மை உண்டு. அங்கே இந்நோய் மேலைநாடுகளைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இளைய வயதிலேயே மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. கோடை வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டுவதோடு கடலோர நகரங்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் முஸ்லிம்கள் பர்தா என்று அழைக்கும் தளர்ந்த மேலங்கியான அபாயா, இழப்பைத் தானே மறைத்துவிடும் என்று கருதுவோர் உண்டு. தெருவைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அபாயாவைக் கழற்றும் இடங்களிலும், அதன் உள்ளே புழுங்கும் வெப்பத்திலும் தொடங்கும் சிக்கல்களுக்கு அது விடையாகாது.

முழு மார்பக நீக்கத்தின்போது அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள், அதாவது திசுக்களில் கசியும் நீரை வடிகட்டி இரத்தத்துக்குத் திருப்பும் குழாய்களின் கணுக்கள், சிலவோ பலவோ உடன் எடுக்கப்படுகின்றன. காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் பெரும்பாலும் ஓரிரு வாரங்கள் உடலில் இருக்கும். அக்காலத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்குவது கடினம் என்பதால், தலைவழியாக மாட்டும் சுடிதார் மேல்சட்டையைவிட முன்பக்கம் திறக்கும் நைட்டியும் அழுத்துபொத்தான் வைத்த அபாயாவும் உதவுகின்றன. உட்புறம் ஒரு துணிப்பை தைத்துவிட்டால் வடிநீர்க் குடுவை அதில் அடங்கிவிடும். காரின் இருக்கைப் பட்டையும் இதே காலத்தில் தொல்லை தருவது. வளைகுடாவில் ஓட்டுநர் இருக்கை இடப்புறம் இருப்பதால் அதன் பட்டை இடத்தோள் வழியாகவும், பக்கத்து முன்னிருக்கையின் பட்டை வலத்தோள் வழியாகவும் இறங்குகின்றன. இந்தியாவில் இது தலைகீழ். எனவே அறுவை நடந்த பக்கத்தைப் பார்த்து இருக்கையைத் தேர்வதும், பட்டைக்கும் மார்புக்கும் இடையே சிறு தலையணை வைப்பதும் வழக்கம். தொழுகையாளர்களுக்கு, ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால்களைக் கழுவும் முறை, செய்யும்போது கட்டுப்போட்ட இடத்தின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்ற சலுகையும், உட்கார்ந்து தொழும் சலுகையும் மார்க்கச் சட்டத்திலேயே உள்ளன.

காயம் ஆறும்வரை பஞ்சோ மெல்லிய இழையோ அடைத்த எடையற்ற உருவமும், ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின் சிலிக்கோனால் ஆன செயற்கை மார்பகமும் அணியப்படுகின்றன. கதிர்வீச்சு பெறுவோர் தோல் தேறும்வரை இன்னும் காத்திருக்க வேண்டும். சிலிக்கோன் உருவத்தின் எடை அழகுக்காக மட்டும் அன்று. ஒரு பக்கம் பாரம் குறைந்தால் நாளடைவில் தோள் ஏறி முதுகு வலிக்கக்கூடும் என்பதால் அந்த எடை சமன் செய்ய உதவுகிறது. பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் 1970இல் மார்பக நீக்கத்துக்கு ஆளானபின், தமக்கு நிறைவான பொருள் கிடைக்காமல் தாமே இத்தகைய உருவங்களைத் தயாரிக்கும் தொழிலை அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கினார் என்பது இத்துறையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ஆனால் பாலைநிலக் கோடையில் சிலிக்கோனுக்கும் தோலுக்கும் இடையே வியர்வை தேங்கி வேர்க்குருவும் பூஞ்சைப் படையும் வருகின்றன. பருத்தி உறைக்குள் வைத்து, உட்புறம் பை தைத்த உள்ளாடையில் அணிவதும், இரவில் கழற்றி மென்மையான சோப்பால் கழுவி உலர்த்துவதும் இதற்குப் பரிகாரம். கடும் வெயில் நாள்களில் வீட்டிலிருக்கும்போது பருத்தி நூலால் பின்னிய இலேசான உருவத்துக்கு மாறிக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் சிலிக்கோனை விட்டுவைப்பதும், சேலை ஊக்கோ தலைத்துணி ஊசியோ அதில் குத்துவதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

அக்குள் முடிச்சுகள் எடுக்கப்பட்ட கையில் நீர் தேங்கிப் பருப்பதே நிணநீர் வீக்கம். சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருவதாக ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. வெப்பம் இதைக் கூட்டுவது உண்டு. அதைக் கட்டுப்படுத்தும் இறுக்கமான கைச்சட்டையோ வெப்பத்தில் அணியக் கடினமானது. ஆகவே நண்பகலில் வெளியே அலைவதைத் தவிர்ப்பதும், அந்தக் கையில் இறுகிய தங்க வளையலைக் கழற்றிவிடுவதும், சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியை விடாமல் செய்வதும் வளைகுடாவில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

அபாயா கழற்றப்படும் இடங்களில் முதன்மையானது பெண்களுக்கு மட்டுமான திருமண மண்டபம். ஆண்கள் இல்லாத அக்கூடத்தில் உடலைப் பற்றிய பளபளப்பான உடைகளே வழக்கம் என்பதால், தெருவில் எவரும் அறியாத இழப்பு உறவினர் நடுவில்தான் வெளிப்படும். இதனால் மார்பக மீட்டுருவாக்கம், அதாவது உள்வைப்பாலோ வயிற்றுத் திசுவாலோ மார்பை மீண்டும் அமைக்கும் அறுவை, பற்றிய கேள்வி இங்கே சமயக் கேள்வியாகவும் எழுகிறது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமியச் சட்ட அறிஞர் மன்றம், 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது, அகற்றப்பட்ட மார்பகத்தை மீட்டமைப்பது அனுமதிக்கப்பட்டதே என்று தீர்மானித்தது.

நோயைப் பெயர் சொல்லிப் பேசவே தயங்கிய சூழலில், ஜித்தாவின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சாமியா அல்அமூதி, 2006இல் தமக்கு நோய் இருப்பது தெரிந்தபின் அதைப் பற்றி நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். ஷார்ஜாவில் 1999இல் தொடங்கப்பட்ட புற்றுநோயாளர் நண்பர்கள் அமைப்பு, 2011 முதல் இளஞ்சிவப்புப் பயண அணி என்ற பெயரில் குதிரை வீரர்களை ஏழு அமீரகங்களுக்கும் அனுப்பி இலவசப் பரிசோதனை நடத்துகிறது. துபாயில் அறுவை மருத்துவர் ஹூரியா காசிம் நிறுவிய ஆதரவுக் குழு, நோயிலிருந்து மீண்ட பெண்களையே புதிதாக நோயுற்றவர்களுக்குத் துணையாக்கியது. உள்ளாடையையும் செயற்கை மார்பகத்தையும் பற்றி மருத்துவரிடம் கேட்கக் கூசும் பெண்ணுக்கு இத்தகைய துணையே பெரும் பயன் தருகிறது எனலாம்.

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்களின் சிக்கல் வளைகுடாப் பெண்களின் சிக்கலிலிருந்து மாறுபடுகிறது. அவர்களில் பலர் சென்னையிலோ கேரளத்திலோ அறுவை செய்துகொண்டு வேலைக்குத் திரும்புவோர். அவர்களில் அபாயா அணியாதோரின் உடையில் எல்லாவற்றையும் மறைக்கும் மேலங்கி இல்லை. சேலை முந்தானை இடத்தோளில் விழுவதால் இடப்பக்க இழப்பை அது பெரிதும் மூடும். வலப்பக்கம் அவ்வளவாக மூடப்படாது. முன்கொக்கி வைத்த ரவிக்கை அறுவைக்குப் பின் அணிய எளிதுதான். ஆனால் நாலு டாட், அதாவது துணியை உடலுக்கேற்பக் குறுக்கும் தையல் மடிப்பு, பிடித்து இறுக்கும் வழக்கமான வெட்டில் ஒரு பக்கம் துணி சுருங்கித் தொங்கும். கழுத்து ஆழமானால் உள்ளாடைப் பையின் விளிம்பு தெரியும். கை இறுகினால் நிணநீர் வடியத் தடையாகும். கழுத்தை உயர்த்தி, கையை முழங்கைவரை தளர்வாக நீட்டி, உட்புறம் பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால் இவை தீரும். துபாயில் பர்துபாய்ப் பகுதியின் மீனா பஜார் போன்ற இடங்களில் இந்திய முறையில் ரவிக்கை தைப்போர் உள்ளனர். அளவு கொடுக்கும் நாளில் செயற்கை மார்பகத்தையும் அதற்குரிய உள்ளாடையையும் அணிந்தே செல்ல வேண்டும்; பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுப்பது இனிப் பயன்படாது.