யாருடைய அறை வெப்பநிலை? – பிழிந்து செய்யும் பிஸ்கட்டின் பயணம்

முறுக்கு நாழியோடு பழகிய கைக்குக் குக்கி பிரெஸ் ஒன்றும் புதுசாகத் தெரியாது. ஒரு குழல், அடியில் துளை போட்ட தட்டு, மேலிருந்து அழுத்த ஒரு தண்டு. அவ்வளவுதான். நாழியிலிருந்து மாவு கொதிக்கும் எண்ணெயில் விழுகிறது. இதிலிருந்து தகரத் தட்டில் பூவாகவும் நட்சத்திரமாகவும் உட்கார்ந்து ஓவனுக்குள் போகிறது.

குழப்பம் கருவியில் இல்லை, அதோடு வரும் குறிப்புகளில்தான். தட்டில் எண்ணெய் தடவாதே. பட்டர் பேப்பர் விரிக்காதே. வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். பிழியும் முன் மாவை ஃப்ரிட்ஜில் வைக்காதே. பேக்கிங் பவுடர் வேண்டாம். ஏன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய நோய். விதி இருக்கும், எழுதினவர் வேலையை விட்டுப் போயிருப்பார், காரணமும் அவரோடு போயிருக்கும். அப்படிப்பட்ட விதியை வேறு இடத்துக்கு எடுத்துப் போனால் அங்கே அது உடையும். இந்தப் பிஸ்கட்டின் விதி எங்கே உடைந்தது, அதை யார் சரி செய்தார்கள் என்று தேடியபோது சேர்ந்தவை இந்தக் குறிப்புகள்.

பீய்ச்சுகிற பலகாரம்

ஜெர்மன் மொழியில் 'ஸ்பிரிட்சன்' என்றால் பீய்ச்சுவது. அதிலிருந்து 'ஸ்பிரிட்ஸ்கெபெக்', பீய்ச்சிச் செய்த பலகாரம். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் காலத்துக்கான பிஸ்கட் இது. நம் வீடுகளில் தீபாவளிக்கு முறுக்கு மாதிரி. பல வீடுகளில் இதற்கெனத் தனிக் கருவி கிடையாது. இறைச்சி அரைக்கும் கைமெஷினின் வாயில் ஒரு தகட்டை மாட்டி, மாவைத் திரித்து நீளமாக வாங்கி வெட்டிக்கொள்வார்கள். சுவீடனில் இதே வகைக்கு 'ஸ்பிரிட்ஸ்' என்று பெயர். நெதர்லாந்திலும் 'ஸ்பிரிட்ஸ்' உண்டு. உட்ரெக்ட் நகரத்து ஸ்பிரிட்ஸ் அங்கே பேர்போனது.

ஜெர்மானிய வீடுகளில் பிஸ்கட் மாவுக்கு ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு: 1-2-3. சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2, மாவு 3. பிழிகிற மாவு இதைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும் என்பதால் முட்டையும் சேர்ப்பார்கள். இதில் தண்ணீர் என்று தனியாக எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முறுக்கு மாவைச் சேர்த்துப் பிடிப்பது தண்ணீர். இந்த மாவைப் பிடிப்பது வெண்ணெய். மேலே சொன்ன எல்லா விதிக்கும் வேர் இந்த வித்தியாசம்தான்.

விதிகளுக்குப் பின்னால்

பிரெஸ்ஸிலிருந்து வரும் மாவைக் கத்தி எதுவும் வெட்டுவதில்லை. மாவு தட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரெஸ்ஸை மேலே தூக்கும்போது அந்தப் பிடிப்பில்தான் பூ அறுந்து தனியாக நிற்கிறது. எண்ணெய் தடவினாலோ வழுக்கும் தாள் விரித்தாலோ பூ பிரெஸ்ஸோடு சேர்ந்து மேலே வந்துவிடும். போன ஈட்டில் சூடான தட்டில் பிழிந்தாலும் இதே கதி. சூட்டில் வெண்ணெய் உருகிப் பிடிப்பு போய்விடும். தட்டு சுத்தமாக, வெறுமையாக, குளிர்ந்து இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரி செல்சியசில் முழுக்க உருகிவிடும். மாவிலுள்ள ஸ்டார்ச்சும் முட்டையும் இறுகி வடிவத்தைத் தாங்க 60 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆக ஓவனுக்குள் ஒரு பந்தயம் நடக்கிறது. வெண்ணெய் உருகி ஓடுவதற்குள் மாவு இறுகினால் பூ, இல்லையென்றால் அப்பளம். பேக்கிங் பவுடர் சேர்த்தால் மாவு உப்பி விளிம்புகளின் கூர்மை கெடும். சர்க்கரைத் துகள் பெரிதாக இருந்தால் பிஸ்கட் பரவும், தட்டின் ஓட்டையும் அடைபடும்.

இப்போது 'அறை வெப்பநிலை'க்கு வருவோம். அந்தச் சொல்லை எழுதினவரின் அறை 18, 20 டிகிரியில் இருந்தது. அந்தச் சூட்டில் வெண்ணெயை விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனால் பளபளக்காது. அதுதான் சரியான பதம். சென்னையில் டிசம்பர் பகலிலேயே 28, 29 டிகிரி. மே மாதம் சொல்லவே வேண்டாம். இங்கே குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் கிண்ணத்தில் இருப்பது வெண்ணெய் இல்லை, கூழ். அந்த மாவு குழலிலிருந்து தானாகவே வடியும். செய்தவர் கைக்கு ராசியில்லை என்பார்கள். கை என்ன பாவம் செய்தது? குறிப்பில் 'அறை' என்று இருந்தது ஒரு நாட்டின் தட்பவெப்பம்.

டச்சுக் கப்பலில் போன சொற்கள்

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் நாம் அல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1619-இல் ஜாவாவில் படேவியாவை, இன்றைய ஜகார்த்தாவை, தலைமையிடமாக்கியது. 1641-இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. இலங்கையின் கரையோரமும் அதே நூற்றாண்டில் டச்சுக்காரர் கைக்கு வந்தது. போன இடமெல்லாம் அவர்களுடைய அடுப்படியும் கூடவே போனது.

டச்சில் சின்னக் கேக்குக்குக் 'குக்யே' என்று பெயர். இன்றைய நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்கள் வழியாக அது அமெரிக்க ஆங்கிலத்தில் 'குக்கி' ஆனது. அதே சொல்தான் இலங்கையில் 'கொக்கிஸ்'. ஆனால் கொக்கிஸ் பிஸ்கட்டே இல்லை. அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, அச்சை முக்கி எண்ணெயில் பொரிப்பது. நம் அச்சு முறுக்கின் உடன்பிறப்பு. பெயர் வந்தது, கோதுமையும் வெண்ணெயும் ஓவனும் வழியிலேயே நின்றுவிட்டன.

இந்தோனேசியாவில் நடந்தது வேறு. அங்கே 'குவே செம்பிரிட்', மலேசியாவில் 'செம்பெரிட்' என்று ஒரு பிஸ்கட் இருக்கிறது. அச்சில் பிழிந்த பூ, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. டச்சு ஸ்பிரிட்ஸையும் இந்தச் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒலி, பொருள், செய்முறை மூன்றும் பொருந்துகின்றன. மூன்று மெய் ஒட்டி நிற்கும் சொல்லை மலாய் நாக்கு நடுவே உயிர் சேர்த்து அவிழ்த்துக்கொள்ளும். 'ஸ்கூலை' நாம் 'இஸ்கூல்' ஆக்கியது போல.

இங்கே பிழியும் பிஸ்கட் பிழியும் பிஸ்கட்டாகவே நின்றது. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் ஊரில் எப்படி நின்றது என்பதுதான் கேள்வி.

விதியைத் திருத்தியவர்கள்

பதில் மலேசியச் செய்முறையில் இருக்கிறது. முதலாவது, கோதுமை மாவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கஸ்டர்ட் பவுடரோ சோள மாவோ சேர்க்கிறார்கள். கஸ்டர்ட் பவுடர் 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் கண்டுபிடித்தது. அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, அதற்காகச் செய்தது. அடிப்படையில் அது நிறமும் மணமும் சேர்த்த சோள ஸ்டார்ச். மலாக்கா 1824 ஒப்பந்தத்தில் பிரிட்டிஷார் கைக்குப் போன பகுதி என்பதால் அந்த டப்பா மலாயாவுக்கு வந்ததில் வியப்பில்லை. சோள ஸ்டார்ச்சில் குளூட்டன் இல்லை. மாவில் இழுவை குறைகிறது, பிழிந்த இடத்தில் அப்படியே நிற்கிறது, வெந்ததும் வாயில் போட்டால் கரைகிறது.

இரண்டாவது, பல வீடுகளில் வெண்ணெயோடு நெய்யும் சேரும். மலாயில் அதற்கு 'மின்யாக் சாப்பி', மாட்டு எண்ணெய் என்று பெயர். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. தண்ணீர் குறைந்தால் குளூட்டனும் குறையும்.

இதையெல்லாம் எந்த ஆய்வகத்திலும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. சமையலறையில் நின்றவர்கள் மாவைத் தொட்டுப் பார்த்துத் திருத்தினார்கள். அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. மூலக் குறிப்பு டிகிரி பார்த்தது. இவர்கள் பதம் பார்த்தார்கள். இன்று மலேசியத் தமிழர் வீட்டுத் தீபாவளித் தட்டில் முறுக்குக்குப் பக்கத்தில் செம்பெரிட் இருக்கும்; மலாய்க்காரர் வீட்டுப் பெருநாள் தட்டில் முறுக்கு இருக்கும். இரண்டும் பிழிந்தவைதான். பிழிவது நம் பக்கத்திலும் பழசு. 1025-ஐ ஒட்டிச் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய 'லோகோபகாரம்' சேவை பிழியும் அச்சைச் சொல்கிறது.

நம் ஊர் அடுப்படிக்கு

காரணம் தெரிந்தால் விதியை நாமே திருத்திக்கொள்ளலாம்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மணிக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள். விரல் அழுத்தினால் குழி விழும் பதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். சர்க்கரையைப் பொடித்துச் சலியுங்கள், மாவையும் சலியுங்கள். மைதாவில் கால் பங்கை எடுத்துவிட்டுச் சோள மாவோ கஸ்டர்ட் பவுடரோ சேர்க்கலாம். முந்திரித் துண்டு, ஏலத்தோல் எதுவும் உள்ளே போகக்கூடாது.

'மாவைக் குளிரவைக்காதே' என்பது குளிர்நாட்டுப் பேச்சு. அங்கே குளிர்ந்தால் கல்லாகிவிடும், பிழிய வராது. இங்கே மாவு தளர்ந்தால் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பதில் தப்பில்லை. குழலில் காற்று இடைவெளி இல்லாமல் அடைத்து, பிரெஸ்ஸைத் தட்டோடு ஒட்டச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு அழுத்து. ஒரு நொடி பொறுத்து நேராகத் தூக்குங்கள். முதல் இரண்டு மூன்று சரியாக வராது. வழித்து மாவிலேயே சேர்த்துவிடலாம். பிழிந்த தட்டைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகச் சூடேறிய 180 டிகிரி ஓவனில் வைத்தால் பந்தயத்தில் மாவு ஜெயிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம், ஓரம் லேசாகச் சிவக்கும் வரை.

குக்கி பிரெஸ் இல்லையென்றால் நட்சத்திர அச்சு போட்ட முறுக்கு நாழியில் நீளமாகப் பிழிந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஜெர்மானியர்கள் இறைச்சி மெஷினில் செய்வதும் அதுதான். ஆனால் பிளாஸ்டிக் குக்கி பிரெஸ்ஸில் முறுக்கு பிழியப் பார்க்காதீர்கள். அது இளகிய வெண்ணெய் மாவுக்காகச் செய்தது. நம் கெட்டி மாவுக்கு அதன் விசைப்பல் ஈடு கொடுக்காது.

இனி எந்தச் சமையல் குறிப்பிலாவது 'அறை வெப்பநிலை' என்று பார்த்தால், யாருடைய அறை என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.