தகர டப்பாவும் ஒரு ஜீப்பும்

பால்மாவு தீர்ந்த டப்பாவைத் தூக்கி எறிய நம் வீட்டுத் தாய்மார்க்கு எளிதில் மனம் வருவதில்லை. அது உப்புக்கோ, மிளகாய்த்தூளுக்கோ, சில்லறைக் காசுக்கோ இருப்பிடமாகும். அதற்கும் உதவாது துருவேறிப் போனால் பிள்ளைகளின் கைக்குச் சேரும். இரண்டு டப்பாக்களின் அடியில் ஆணியால் துளையிட்டு நீண்ட நூலொன்றைக் கோத்துவிட்டால் தொலைபேசி ஆயத்தம். மூடியின் நடுவில் ஆணி இறக்கிக் குச்சியின் முனையில் பொருத்தினால் தெருவெல்லாம் ஓடும் சக்கரம். இவ்வாறு விளையாடி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த எளிய டப்பாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அடுக்களையில் தொடங்கியதன்று. போரின் தேவையிலிருந்து பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா நெப்போலியனின் போர்களால் அலைக்கழிந்தது. தொலைதூரம் செல்லும் படைக்கும் கடற்படைக்கும் கெடாத உணவு வேண்டியிருந்தது. நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சு இனிப்புப் பண்டத் தொழிலாளர், உணவைக் கண்ணாடிக் கலங்களில் அடைத்து, காற்றுப் புகாதவாறு மூடி, கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டார். 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. அதே ஆண்டில் எதிரி நாடான இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டாலான கலங்களை இதற்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். 1813-இல் பிரையன் டோன்கினும் அவருடைய கூட்டாளிகளும் இலண்டனில் தொழிற்சாலை அமைத்து, பிரிட்டிஷ் கடற்படைக்குத் தகரக் கலங்களில் இறைச்சி அளித்தனர். அன்றைய டப்பாவைத் திறக்க உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தன. அதற்கென்று தனிக் கருவி வர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

இவ்வாறு படைகளோடு பயணப்படத் தொடங்கிய டப்பா, 1945-இல் மற்றொரு படையோடு ஜப்பானுக்குள் நுழைந்தது.

ஜப்பானியருக்குத் தகரம் புதிதன்று. டச்சு வணிகர்களிடமிருந்து பெற்ற சொல்லால் அதனை 'புரிக்கி' என அழைத்தனர். தகரப் பொம்மைகள் செய்து அயல்நாடுகளுக்கு அனுப்புவதில் அவர்கள் முன்பே தேர்ந்திருந்தனர். ஆனால் சீனாவோடு போர் மூண்டதும் உலோகம் முழுவதையும் படை கோரியது. 1938-இல் உள்நாட்டு விற்பனைக்கு உலோகப் பொம்மைகள் செய்வது தடைசெய்யப்பட்டது. 1941-இல் உலோகப் பொருள்களைத் திரட்டும் ஆணை பிறந்தது. நூற்றாண்டுகளாக ஒலித்துவந்த பௌத்தக் கோவில்களின் மணிகளும் இறக்கப்பட்டு உருக்குலைகளுக்குச் சென்றன. மணிகளையே விட்டுவைக்காத போர், குழந்தையின் பொம்மையை விட்டுவைக்குமா?

1945 ஆகஸ்டு 15 அன்று பேரரசரின் சரணடைவு அறிவிப்பு வானொலியில் ஒலித்தது. நகரங்கள் சாம்பலாகிக் கிடந்தன. அவ்வாண்டு நெல் விளைச்சலும் பொய்த்தது. வெற்றி பெற்ற அமெரிக்கப் படைகள் நாடெங்கும் முகாமிட்டன. கியோட்டோவுக்கு அருகே, பிவா ஏரிக்கரையில் அமைந்த ஓட்சு நகரிலும் அவர்கள் தங்கினர். வீரர்கள் உண்டபின் எறிந்த டப்பாக்கள் முகாமின் குப்பையில் குவிந்தன.

அந்த ஓட்சுவில் இருந்தார் மத்சுசோ கொசுகே. முன்பு டோக்கியோவில் பொம்மைத் தொழில் நடத்தியவர். கைத்திறன் இருந்தது, தகடுதான் இல்லை. பிறர் கண்ணுக்கு எச்சில் டப்பாவாகத் தெரிந்தது அவர் கண்ணுக்கு வெள்ளீயம் பூசிய நல்ல தகடாகத் தெரிந்தது. படையின் குப்பையிலிருந்து டப்பாக்களைப் பெற்றுக் கழுவி வேலையைத் தொடங்கினார்.

டப்பாவின் மேல்வட்டத்தையும் அடிவட்டத்தையும் நீக்கி, உடற்பகுதியை நெடுக வெட்டி விரித்தால் வளைந்த தகடொன்று கிடைக்கும். அதைத் தட்டிச் சமன்செய்து, வேண்டிய வடிவில் கத்தரித்து, மடித்து வளைக்க வேண்டும். ஒரு துண்டில் சிறு நாக்குகளும் மற்றொன்றில் பிளவுகளும் விட்டு, நாக்கைப் பிளவில் நுழைத்து மடக்கிவிட்டால் பற்றவைப்பே தேவையில்லை. தகரப் பொம்மைத் தொழிலின் பழைய இலக்கணம் இது. உணவு டப்பாவில் கிடைக்கும் தகடு சிறியது. ஆதலால் பொம்மையும் சிறியதாகவே அமைந்தது. ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் நீளம்.

அவர் செய்த உருவம் எது? அமெரிக்கப் படையின் ஜீப். தெருவில் நிறுத்தியிருந்த ஜீப்பைத் தம் குளியல் துண்டால் அளந்து வந்தே அதன் அளவுகளைக் கணக்கிட்டார் என்று சொல்வதுண்டு. 1945 டிசம்பரில் கியோட்டோவின் மருபுத்சு பல்பொருள் அங்காடியில் அந்த ஜீப் பத்து யென் விலைக்கு வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினர்; வந்த சரக்கு விரைவில் தீர்ந்தது. நினைத்துப் பாருங்கள்: சோற்றுக்கே வழி தேடிய குளிர்காலம் அது. அந்நாளிலும் பெற்றோர் தம் பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்க வரிசையில் நின்றனர். போர் பறித்ததில் சிறிதையேனும் பிள்ளைக்குத் திருப்பித் தர விரும்பினர் போலும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தோற்ற நாட்டின் குழந்தை, வென்றவன் எறிந்த குப்பையில் செய்த, வென்றவனின் வண்டியையே உருட்டி விளையாடுவது இழிவன்றோ? பெரியவர்களில் சிலருக்கேனும் நெஞ்சு உறுத்தியிருக்கும். குழந்தைகள் கண்ட ஜீப்போ வேறு. அதிலிருந்து இறங்கிய அந்நிய வீரர்கள் மிட்டாயும் சூயிங்கமும் எறிந்தார்கள். குழந்தைகள் வண்டியின் பின்னே ஓடினார்கள். கையேந்தி ஓடிய அந்தக் குழந்தையின் கைக்கு இப்போது ஜீப்பே வந்துவிட்டது. அதை நிறுத்துவதும் திருப்புவதும் அவன் விருப்பம். இல்லாமையை இப்படி வெல்ல விளையாட்டுக்குத் தெரியும். ஆயினும் அத்தகைய நிலைக்குக் குழந்தைகளைத் தள்ளிய பெரியவர்களின் பிழையை அந்தப் பொம்மை மறைத்துவிடவில்லை. தகடு ஏன் குப்பையிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதை அது சொல்லிக்கொண்டே இருந்தது.

கொசுகேயின் ஜீப்போடு ஜப்பானின் பொம்மைத் தொழில் மீண்டும் எழுந்தது. 1947-இல் தனியார் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. அன்று அயல்நாடு சென்ற பொருள்களில் 'ஆக்கிரமிப்பிலுள்ள ஜப்பானில் செய்தது' என்னும் பொருள்படும் முத்திரை பொறிக்கப்பட்டது. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிவுற்றது. அதன்பின் புதிய தகட்டில் வண்ணப்படம் அச்சிட்ட கார்களும் எந்திர மனிதர்களும் விண்கலங்களும் உலகெங்கும் பரவின. பின்னர் பிளாஸ்டிக் வந்து தகரத்தை ஓரங்கட்டியது. ஒருகாலத்தில் குழந்தைகள் உருட்டி நசுக்கிய பொம்மைகளை டெருஹிசா கிதஹாரா என்பவர் தேடித் தேடிச் சேர்த்து, 1986-இல் யோகஹாமாவில் தகரப் பொம்மைகளுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்.

நம் பிள்ளைகளுக்கு இன்று பொம்மைகளுக்குக் குறைவில்லை. பிறந்தநாள் தோறும் புதியது வருகிறது. மறுவாரம் கட்டிலடியில் கிடக்கிறது. வாங்கித் தருவதைக் குறை கூறவேண்டியதில்லை. ஆனால் விடுமுறை நாளொன்றில் ஒரு வெற்று டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளையின் அருகில் அமர்ந்து பார்க்கலாம். இதனை என்னவாக மாற்றலாம் என்று அவனிடமே கேட்கலாம். பிறர் தூக்கி எறிந்ததிலும் பயன் உண்டென்று காணும் கண், விலைக்குக் கிடைப்பதன்று. அருகிருந்து பழக்க வேண்டியது. பொருளைப் பார்க்கும் அந்தக் கண்ணே பின்னாளில் மனிதரையும் பார்க்கும்.

ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் தேவை. வெட்டிய தகரத்தின் விளிம்பு கையை அறுக்கும். எனவே பெரியவர்கள் முதலில் அந்தக் கூர்விளிம்பை உள்நோக்கி மடித்து, தட்டி மழுக்கிவிட வேண்டும். அதன் பின்னரே அதைக் குழந்தையின் கையில் தரவேண்டும். ஓட்சு நகரின் தொழிலாளிக்கும் இதுவே முதல் வேலையாக இருந்திருக்கும். உலகம் விட்டுச்செல்லும் கூர்மைகளைக் குழந்தைகளின் கைக்குப் போகுமுன் மடித்து வைப்பது, எக்காலத்தும் பெரியவர்களின் பொறுப்பே.