வாகனம் மாறும் அழகர்: கார் ரசனையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: 'உங்க கம்பெனி வண்டியை விட்டுடுங்க. மத்த கம்பெனி வண்டியில எது புடிக்கும்?' தன் வண்டியைப் பற்றிப் பேசும்போது ஒருவர் காரணங்களை அடுக்குவார். அம்பாசடர் என்றால் இரும்பு மாதிரி உடம்பு, எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும், குடும்பமே ஏறலாம். பிற கம்பெனி வண்டி என்றதும் காரணங்கள் உதிர்ந்துவிடுகின்றன, பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. தன் பிராண்டின் மீதான விருப்பத்தில் போட்ட பணம், மறுவிற்பனை, ஊரில் அந்தஸ்து என எத்தனையோ கலந்திருக்கின்றன. மற்றதன் மீதான விருப்பத்தில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. ஆகவே ரசனையின் வரலாற்றை எழுத வேண்டுமானால் இந்த இரண்டாவது விருப்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு ஒரு முன்மாதிரி எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பெருமாளுக்கு உரிய வாகனம் கருடன், கொடியிலும் அதுவே. ஆனால் சித்திரையில் அழகர்கோவிலிலிருந்து கள்ளர் வேடத்தில் பல்லக்கில் புறப்பட்டு, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி வழியாகத் தல்லாகுளம் வந்து சேருகிற அழகர், வைகையில் இறங்குவது குதிரையில். வண்டியூரில் சேஷ வாகனம், தேனூர் மண்டபத்தில் கருட வாகனம், மலைக்குத் திரும்பப் பூப்பல்லக்கு. கருடனில் அவரைச் சேவிக்கவும் கூட்டம் உண்டு. என்றாலும் ஜனங்களின் மனசில் பதிந்த அழகர் குதிரைக்காரர்தான். இந்தக் கோயிலுக்கும் சுற்றியுள்ள சமூகங்களுக்குமான உறவைத் தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் (1989) விரிவாக எழுதியிருக்கிறார். நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன விஷயத்தை மட்டும்: 'உரிய' வாகனம் ஒன்றாக இருக்க, மக்களின் வாகனம் இன்னொன்றாக இருக்க முடியும்.

கார்களுக்கு வருவோம். மதுரையின் மோட்டார் வரலாறு டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தொடங்கிய பஸ் சர்வீசோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் 'கேஸ் பிளாண்ட்' தயாரித்ததும் அதே டி.வி.எஸ்.தான். அன்றைய சாலைகளில் செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், பிளிமத், மோரிஸ், ஆஸ்டின் எல்லாம் ஓடின. கிராமத்தில் இவை அத்தனைக்கும் ஒரே பெயர், 'பிளஷர்'. பிராண்ட் என்பது வாங்குகிறவனின் அகராதி. வேடிக்கை பார்க்கிறவனுக்குப் பிளஷர் போதும்.

1953இல் இந்திய அரசு, உள்நாட்டில் உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகள் வெளியேற வேண்டும் என்று முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மிஞ்சியவை மூன்று: கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு. வருஷக்கணக்கில் காத்திருந்து எது கைக்கு வந்ததோ அதன் விசுவாசியாக மாறினோம். 'நாங்க அம்பாசடர் குடும்பம்', 'நாங்க ஃபியட் குடும்பம்' என்பது ஜாதிப் பெருமை மாதிரி பேசப்பட்டது. தேர்வு இல்லாத இடத்தில் விசுவாசம் என்பதற்கு என்ன பொருள்? லைசென்ஸ் ராஜ்யம் வண்டிகளை மட்டும் தயாரிக்கவில்லை, ரசனை என்ற பிரமையையும் சேர்த்தே தயாரித்தது.

இந்தப் பெருமைகளின் பூர்வீகத்தைப் பாருங்கள். 'தேசிய' அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. 1970களில் பெயர் மாறிய பிறகும் ஜனங்கள் ஃபியட் என்றே சொன்னார்கள். 1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு. அதன் உருவத்தை வரைந்த மிக்கெலோட்டி ஓர் இத்தாலியர். 1960களின் இறுதியில் அதற்கு நான்கு கதவு வைத்தது நம் ஊரில் மட்டும். 'அசல்' எது என்று தோண்டினால் எங்கும் கலப்புதான் கிடைக்கிறது.

இனி முதல் கேள்விக்கு. அம்பாசடர்காரரும் ஃபியட்காரரும் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் ஹெரால்டு. முன்பக்கம் முழுவதும் ஒரே பானட்டாக மேலெழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கியர், மற்ற இரண்டையும் போல ஸ்டியரிங்குக்குக் கீழே இல்லாமல் தரையில் இருக்கும். மூன்றில் மிகக் குறைவாக விற்றதும் இதுதான். ஹெரால்டு 1971 வாக்கில் நின்றது. வாரிசான கெஸல் 1977இல் போயிற்று. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் உடம்புக்குள் பழைய வேன்கார்டு எஞ்சினைச் சுமந்து மூன்று வருஷத்தில் மூச்சை விட்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதிக்குப் பிறகு இந்தப் பட்டியலே வேறு.

ஆனால் இது சொந்தக்காரர்களின் சாட்சியம். டிரைவரும் மெக்கானிக்கும்? அவர்களுக்கு எல்லா வண்டியுமே பிறர் வண்டிதான். ரோலாண் பார்த் கார்களைக் கோதிக் பேராலயங்களோடு ஒப்பிட்டார். நம் ஊரில் அந்த ஒப்புமையைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும்: எந்த வாகனம் எவ்வளவு கனம் என்பது சீர்பாதம் தாங்கிகளின் தோளுக்குத்தானே தெரியும். பட்டறைக்காரனிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். 'பார்க்க ஹெரால்டு, ஓட்ட ஃபியட், வேலை பார்க்க அம்பாசடர்' என்பது மாதிரி பிரித்துச் சொல்வான். இது விசுவாசத்தின் மொழி அல்ல, அறிவின் மொழி. அவன் கை பிராண்டுகளின் எல்லையை என்றைக்கோ தாண்டிவிட்டது: அம்பாசடரில் மட்டடார் டீசல் எஞ்சினை ஏற்றினான், கம்பெனியே மூடிய வண்டிக்கு லேத்தில் பாகம் கடைந்தான். 1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே ஜப்பானிய இசுசு எஞ்சினை அம்பாசடரில் வைத்தபோது, பட்டறையின் நியாயத்தைக் கம்பெனி ஒப்புக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பிரச்சினை. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் 'அசல்' வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். விதியின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது யாருடைய வரலாற்றைப் பாதுகாக்கிறது? கார் ஷெட்டில் போர்த்தி வைக்க வசதி இருந்தவரின் வண்டி அசலாக நிற்கும். வாடகைக்கு ஓடி, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருவிழாவுக்கும் ஜனங்களை ஏற்றி, நாலு கம்பெனி பாகத்தில் உயிர் பிழைத்த வண்டிக்கு அங்கே இடமில்லை. அது பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அம்பாசடர் 2014இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் முன்பே. ஒட்டுப்போட்டு இவற்றை ஓடவைத்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். அவர்கள் செய்த மாற்றங்களுக்கு வரைபடம் கிடையாது, ரசீது கிடையாது, கையில்தான் இருக்கிறது. காரின் பெயரையும் சொந்தக்காரரின் பெயரையும் எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எந்தப் பட்டறையில், எந்த வண்டியின் எந்தப் பாகம் எந்த வண்டிக்குள் போயிற்று என்று கேட்டு எழுதுகிற வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.