குதிரைப் பாதை – 7: ராணியின் மேல் பாய்ந்த குதிரை

நஞ்சன்கூட்டில், கபினிக் கரையில் நிற்கும் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலின் கோபுரம் மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்துத் திருப்பணி. உள்ளே மன்னரும் தேவியரும் சிலையாக நிற்கிறார்கள். 1831இல் ஆங்கிலேயர் இவரிடமிருந்து நிர்வாகத்தைப் பறித்தார்கள். பட்டம் மட்டும் மிஞ்சியது. மன்னர் மனம் சதுரங்கத்தில் ஆழ்ந்தது. 12க்கு 12 பலகையில் ஒற்றைக் குதிரையை நடத்தினார். எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 144 கட்டங்களையும் அது சுற்றி வந்தது. மிதித்த வரிசையில் எண்ணிட்டுக் கூட்டினால், படுக்கையாகவும் செங்குத்தாகவும் எல்லா வரிசையும் 870! கணினியின் துணையில்லாமல் கண்டது இது.

அந்தக் குதிரைக்கு எதிராளி இல்லை. எதிராளியோடு மோதிய குதிரையைக் காண, வாசகரே, 1855ஆம் ஆண்டின் கல்கத்தாவுக்கு வாருங்கள்.

வெள்ளைக் காய்களோடு ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேன். கறுப்போடு மகேஷ் சந்திர பானர்ஜி. காக்ரேன் ராணி முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அன்றைய ஐரோப்பியர் பலரும் சிப்பாயைக் கொண்டே பதில் சொல்வார்கள். மகேஷ் குதிரையை எடுத்தார். பிறகு ஜி6இல் சிப்பாய், டி5இல் சிப்பாய், ஜி7இல் மந்திரி. நம் பழைய ஆட்டத்தில் சிப்பாய் ஓரடிதான் வைக்கும். ஓரமாக நின்று நடுவைக் குறிவைக்கும் இந்தப் பொறுமை அங்கிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். சதுரங்க வீரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் இதே தொடக்கத்தை ஆடியது 1922இல். பெயர் அவருக்குப் போனது. 67 ஆண்டு முந்தியவருக்கு அந்தப் பெயரில் பங்கில்லை; இது எனக்கு ஆறாத குறை.

ஆட்டத்துக்கு வருவோம். 18ஆவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டிவிட்டு அங்கேயே நிற்கிறது. அதன் பின்னால் அதே மூலைவிட்டத்தில், பி3இல் வெள்ளை ராணி. கறுப்பு ராஜா ஜி8இல், யானை இ8இல், மந்திரி ஜி7இல், சிப்பாய்கள் ஜி6, எச்7இல். மகேஷின் குதிரை ஏ5க்குத் தாவி ராணியைத் தாக்குகிறது. ராணி தப்ப வேண்டாமா?

காக்ரேன் ராணியை நகர்த்தவில்லை. எஃப்7 குதிரையைத் தூக்கினார். அங்கிருந்து மூன்றே நகர்த்தலில் ராஜா வீழ்ந்தார். பலகையை விரித்துத் தேடிப் பாருங்கள். விடை அடுத்த வாரம்.

(தொடரும்)