முயலகனும் மின்னளவும்: வலிப்பு நோய்க் கட்டுப்பாட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வலிப்பு நோயைத் தமிழ் மரபு ‘முயலகன்’ என வழங்கியது. கொல்லப்படாது திருவடியின்கீழ் அடக்கி வைக்கப்பட்டவன் முயலகன். வேகஸ் நரம்புத் தூண்டல் சிகிச்சையும் நோயை அடக்குவதேயன்றி ஒழிப்பதன்று. அதன் பயன் கருவியைக் காட்டிலும் மின்னளவைச் சார்ந்தது என்பதையும், கருவியை மாற்றும்போது அவ்வளவைப் பேண வேண்டிய தேவையையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முயலகன், வலிப்பு நோய், பெரியபுராணம், திருவாரூர், நரம்புத் தூண்டல்

முன்னுரை

சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்திற்கு முதல்நூலாகும். இவ்வாறு திருவாரூரில் வேர்கொண்ட அக்காப்பியம், வலிப்பு நோய் பற்றிய குறிப்பிடத்தக்க பதிவொன்றைக் கொண்டுள்ளது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்தாள் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட அந்நோய் நீங்கியது என்றும் சேக்கிழார் கூறுகிறார். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவாசியே அத்தலமாகும்.

பெயர் உணர்த்தும் பொருள்

நடராசரின் திருவடிக்கீழ்க் கிடக்கும் உருவத்தின் பெயரும் முயலகனே. வடமொழியில் அவ்வுருவமும் வலிப்பு நோயும் ‘அபஸ்மாரம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. நினைவிழத்தல் என்பது அதன் பொருள். திருவாசி நிகழ்வில் நோய் ஒரே நாளில் நீங்குகிறது. படிமமோ வேறொன்றை உணர்த்துகிறது: முயலகன் அழிவதில்லை, ஊன்றிய அடி அவனை எழவொட்டாது தடுக்கிறது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கு இக்காலத்தில் அளிக்கப்படும் நரம்புத் தூண்டல் இரண்டாவது நிலையையே ஒத்தது.

சிகிச்சை உருவான வரலாறு

காவிரிப் படுகையின் சீர்காழியில் 1922இல் பிறந்த மருத்துவர் பா. இராமமூர்த்தி, 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இத்துறை வளரத் தொடங்கிய அக்காலத்தில், நரம்புத் தூண்டல் உலகின் ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்தது. 1938இல் பெய்லியும் பிரெமரும் பூனையின் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது மூளையின் மின்னலைகள் மாறுவதைக் கண்டனர். 1980களில் அமெரிக்க ஆய்வாளர் சபாரா, இத்தூண்டல் நாய்களில் வலிப்பைத் தடுப்பதை நிறுவினார். 1988இல் முதன்முதலாக மனித உடலில் கருவி பொருத்தப்பட்டது. 1997இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது.

இடப்பக்க மார்புத் தோலடியில் மின்கலத்துடன் கூடிய துடிப்பியற்றியும், கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பைச் சுற்றி மின்முனைகளும் வைக்கப்படும். பொதுவாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை 30 விநாடி தூண்டல் நிகழும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகள் அனைவருக்கும் ஒரே கருவியே பொருத்தப்பட்டது. அளவு மட்டும் வேறுபட்டது. உயர்ந்த அளவு பெற்றோருக்கு வலிப்பு சராசரியாக 28 விழுக்காடும், தாழ்ந்த அளவு பெற்றோருக்கு 15 விழுக்காடும் குறைந்தன. கருவியைப் பொருத்துவது சிகிச்சையின் தொடக்கமே. அளவே அதன் மருந்து என்பதற்கு இதுவே சான்று.

கருவி மாற்றமும் அளவுச் சீரமைப்பும்

மின்கலம் சில ஆண்டுகளில் தீரும். அப்போது பெரும்பாலும் மார்பிலுள்ள துடிப்பியற்றி மட்டுமே மாற்றப்படுகிறது. கம்பியும் மின்முனைகளும் நல்ல நிலையில் இருப்பின் அவையே தொடரும். புதிய கருவி தூண்டலற்ற நிலையில் வருவதால், பழைய மின்னோட்டம், அதிர்வெண், துடிப்பகலம், தூண்டல் கால இடைவெளி ஆகியவற்றின் பதிவு இன்றியமையாதது. பழைய கருவி இறுதிவரை இயங்கியிருந்தால், நோயாளி தாங்கிப் பழகிய அளவுக்கு விரைவில் திரும்ப இயலும். மின்கலம் முன்னரே தீர்ந்து நெடுங்காலம் தூண்டல் நின்றிருந்தால், அதே அளவு குரல் கம்மல், இருமல், தொண்டை இறுக்கம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும், 0.25 மில்லி ஆம்பியர் போன்ற சிறு படிகளாகவே உயர்த்த வேண்டும். இதயத்துடிப்பின் திடீர் உயர்வை உணர்ந்து தானே தூண்டும் புதிய வகைக் கருவிகளில் மொத்தத் தூண்டல் மிகக்கூடும் என்பதால், பழைய எண்களை அப்படியே பதிவது மட்டும் போதாது.

படிப்படியான உயர்த்தலுக்கு மருத்துவரை மீண்டும் மீண்டும் காண வேண்டும். திருவாரூரில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. எனினும், இத்தகைய சிறப்புச் சிகிச்சை மையங்கள் பெருநகரங்களிலேயே மிகுதி. படுகையின் சிற்றூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஒவ்வொரு பயணமும் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கூலியிழப்பாகும். பயணம் தடைப்பட்டால் அளவு பாதியில் நின்றுவிடும். புதிய கருவி உடலில் இருந்தும் வலிப்பு திரும்பக்கூடும். மின்கலம் தீருமுன் மாற்றுவதும், அளவுக் குறிப்பின் படியொன்றை நோயாளியிடம் அளிப்பதும் இவ்விடரைக் குறைக்கும்.

முடிவுரை

முயலகன் படிமம் மருத்துவச் சான்றாகாது. ஆயினும், நோய் அடங்கியிருப்பதும் அற்றுப்போவதும் வேறு என்பதைக் காவிரிப் படுகையின் நோயாளிக்கு விளக்க, அவர் கோயிலில் கண்டு பழகிய அவ்வுருவம் துணைபுரியும். கருவி மாற்றத்திற்குப் பின்னும் மருத்துவரைத் தொடர்ந்து காண வேண்டியதன் காரணமும் அதனால் விளங்கும்.