உப்பளத்தில் ஆவர்த்தன அட்டவணை: மூலகங்களின் தாக்குதிறனும் பிணைப்பும் பற்றிய ஒரு விசாரம்

மேற்கே இந்து சமுத்திரமும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ, கற்பிட்டித் தீபகற்பத்து மணற்பரப்பில் அமைந்த மாம்புரியில் இன்று காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றும், வரட்சிக் காலத்து வெயிலும், களப்புக் கரையோர உப்பளங்களில் தலைமுறை தலைமுறையாக நீரை உப்பாக்கி வந்திருக்கின்றன. உப்புத்தளம் என்பதே புத்தளம் என மருவிற்று என்று உரைப்பாரும் உளர். அப்பாத்திகளில் நிகழ்வதை ஊன்றி நோக்குமிடத்து, மூலகங்களின் தாக்குதிறனைக் குறித்து நம் பாடசாலைகளில் வழங்கும் விளக்கம் போதாதது என்பது புலப்படும். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

அவ்விளக்கம் யாதெனில், ஒவ்வோர் அணுவும் தன் புறவோட்டில் எட்டு இலத்திரன்களை விரும்புகிறது, ஆதலால் சோடியம் ஒன்றைக் கொடுக்கக் குளோரின் அதனை ஏற்கிறது என்பதாம். கொசெலும் லூயிசும் 1916இல் வெளியிட்ட கருத்துக்களை அடியொற்றிய இவ்விதி, எத்தனை இலத்திரன் இடம்மாறும் என்பதைச் செம்மையாகக் கணிக்கிறது. ஏன் மாறவேண்டும் என்பதற்கோ விடை தருவதில்லை. ஒரு மூல் சோடியம் அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிரிக்க 496 கிலோயூல் சக்தி செலவாகின்றது. குளோரின் அதனை ஏற்கும்போது வெளிப்படுவது 349 மாத்திரமே. ஆக, கொடுக்கல் வாங்கல் அளவில் 147 கிலோயூல் நட்டமே எஞ்சுகிறது. திண்மச் சோடியத்தைத் தனியணுக்களாக்கும் 107உம், குளோரின் மூலக்கூறுகளைப் பிளந்து ஒரு மூல் அணுக்களாக்கும் 122உம் சேர, நட்டம் 376 ஆகிறது. இத்தனையையும் ஈடுசெய்வது, அயன்கள் சாலகமாக அடுக்கப்படுகையில் வெளிப்படும் 787 கிலோயூல் சக்தியே. மிகுதியாகும் 411, சோடியங் குளோரைட்டின் தோன்றல் வெப்பத்தோடு ஒத்திருக்கக் காண்கிறோம். ஆகவே பிணைப்பின் மூலகாரணம் தனியோர் அணுவின் விருப்பமன்று. 1913இல் பிராக் ஊடுகதிர்களால் கண்டு காட்டியவாறு, ஒவ்வோர் அயனையும் எதிரேற்றமுடைய ஆறு அயன்கள் சூழ்ந்து நிற்கும் சமூக அமைப்பேயாகும்.

இக்கூற்றுக்கு உப்பளம் இன்னுமொரு சான்று தருகின்றது. கடல்நீர் ஏறத்தாழப் பாதியாக வற்றும்போது கல்சியங் காபனேற்றும், ஐந்திலொன்றாகும்போது சிப்சமும், பத்திலொன்றாகும்போது கறியுப்பும் முறையே படிகின்றன. மகனீசிய உப்புக்களின் பெரும்பகுதியோ எஞ்சும் கைப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. சோடிய அயனுக்கும் மகனீசிய அயனுக்கும் இலத்திரன்கள் பத்துப் பத்தே. புறவோட்டின் எட்டு இலத்திரன்களாகிய எண்மமும் ஒன்றே. எண்மமே யாவற்றையும் நிருணயிக்குமாயின் இவையிரண்டும் ஒரே சுபாவமுடையனவாதல் வேண்டும். ஆயினும் மகனீசியத்தின் கருவில் ஒரு புரோத்தன் கூடுதலாக இருப்பதால் அயன் சுருங்கி, அதன் ஏற்றம் இரட்டித்து நிற்க, நீர் மூலக்கூறுகளை அது வலிந்து பற்றிக்கொள்கிறது: சோடிய அயனின் நீரேற்றத்தில் மூலுக்கு ஏறத்தாழ 406 கிலோயூல் வெளிப்பட, மகனீசியத்துக்கு அது ஏறத்தாழ 1920 ஆகின்றது.

அங்ஙனமாயின் மகனீசியமும் கல்சியமும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தனவாயிருக்க, ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் நிற்பதேன் என வினவலாம். விடை, துணையாகச் சேரும் அயனிலும் இருக்கிறது. சல்பேற்றுடன் சேர்ந்து சிப்சமாக எளிதிற் படியும் அதே கல்சியம், குளோரைட்டுடன் சேர்ந்தவழிக் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக் கசியும் உப்பாகின்றது. ஒரே மூலகம், துணை மாறச் சுபாவமும் மாறுகின்றது. சாலகத்தின் ஆகர்ஷணத்துக்கும் நீரின் ஆகர்ஷணத்துக்கும் இடையே நிகழும் போட்டியில் எது வெல்லும் என்பதை, ஏற்றமும் பருமனும் துணையும் கூடியே தீர்மானிக்கின்றன.

இதனால் 1869இல் மெண்டெலீவ் வகுத்த அட்டவணையின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. ஏற்றமும் பருமனும் எவ்வாறு ஒழுங்குற மாறுகின்றன என்பதை அதுவே நமக்கு உணர்த்துகிறது. ஆனால் அதிலுள்ள கட்டம் ஒவ்வொன்றையும் மூலகத்தின் முடிந்த சுபாவமாகக் கொள்ளாது, எவற்றோடு எவ்வாறு உறவுகொள்ளும் என்பதன் குறிப்பாகவே கொள்ளல் தகும். உப்பளத் தொழிலாளர் வாரிய உப்பை உடனே மூட்டை கட்டாது குவித்து வைக்கின்றனர். அக்குவியலில் ஒட்டிய மகனீசியங் குளோரைட்டு காற்றின் ஈரத்தைப் பற்றித் தானே கரைந்து, அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் போக, கைப்பு நீங்கிய உப்பு எஞ்சுகிறது. பத்து இலத்திரன்களையுடைய அயன்களுள் ஒன்று குவியலில் தங்க, மற்றொன்று நீரோடு வழிந்து போவதை நம் மாணாக்கர் அங்கே கண்ணாரக் காணட்டும். எட்டு என்னும் எண்ணை மனனம் செய்வித்தலோடு நில்லாது, அக்குவியலின் அருகே அவர்களை அழைத்துச் செல்லுதல் ஆசிரியர் கடனாகும்.