சீட்டு இறங்கின கதை

மலைச்சரிவுல சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா மக்களே? ஏறும்போது சீட்டு உயரமா இருந்தாத்தான் மிதிக்க முடியும். இறங்கும்போது அதே உயரம் எமன். உடம்பைப் பின்னால தள்ள இடமில்லாம, ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழ வேண்டியதுதான்.

கலிபோர்னியாவோட மரின் கவுண்டியில 1977-லேயே மலை சைக்கிள் செஞ்சவர் ஜோ பிரீஸ். அவரும் ஜோஷ் ஏஞ்சலும் 1980-களில் 'ஹைட்-ரைட்' கொண்டுவந்தாங்க. வெறும் ஒரு ஸ்பிரிங்தான்! க்விக் ரிலீஸைத் திறந்து உட்கார்ந்து அமுக்கினா சீட்டு இறங்கும், எழுந்தா மேல வரும். ஆனா ஒரு கையை விடணுமே?

2000-களில் அந்த லீவர் ஹேண்டில்பாருக்கே வந்துடுச்சு. 2010-ல் ராக்‌ஷாக்ஸின் 'ரிவெர்ப்', ஹைட்ராலிக்கில் வந்தது. 2022 மிலான்-சான் ரெமோ சாலைப் பந்தயத்துல மாதேய் மோஹோரிச் டிராப்பரோட போஜியோ சரிவுல பாய்ஞ்சு ஜெயிச்சார்.

சரி, எதை வாங்கறது? ஹைட்ராலிக் போஸ்ட்டுல காத்து எண்ணெய்க்குள்ள கலந்தா சீட்டு மெத்தை மாதிரி அமுங்கும். எனக்கு நடு மலையில அப்படி ஆகி, நின்னுக்கிட்டே மிதிச்சு வீடு வந்தேன். அதனால என் ஓட்டு: கேபிள்ல இயங்கணும், உள்ளே இருக்கற கார்ட்ரிட்ஜைத் தனியா மாத்த முடியணும். நாற்பது வருஷம் கழிச்சும் ஜெயிக்கறது எளிமைதாங்க. உங்க அனுபவம் எப்படி?